அடுப்பு சொன்ன சாட்சி

"என்னை ஒரு சமையலறையில கொண்டுபோய் நிறுத்துங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டு சும்மா நிப்பேன். அங்க இருக்குற பாத்திரம் பண்டமெல்லாம் வரிசையில வந்து என்கிட்ட புகார் கொடுக்கும்."

காதுக்காரர் இப்படிச் சொன்னபோது கார் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஏறிக்கொண்டிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. இறங்கி நடந்து போனவர் மேட்டின் உச்சியில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, அந்தக் காரை வரவேற்கலாம்.

காதுக்காரர் என்பது பட்டப்பெயர். அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, தலையின் இரண்டு பக்கமும் இருந்தது. பின்னால் வரும் வண்டிக்காரர்கள் கண்ணாடி வழியாக அவர் தலையைப் பார்த்துவிட்டு, காரின் இரண்டு கதவும் திறந்திருக்கிறது என்று ஹாரன் அடிப்பார்கள். துப்பறிவது அவர் தொழில். அதில் இரண்டு விரதம் வைத்திருந்தார். எதையும் தொடமாட்டார். யாரையும் குறுக்கு விசாரணை செய்யமாட்டார். "கேள்வி கேட்டா பொய் வரும். பாராட்டினா உண்மை தன்னால வரும்" என்பது அவர் வேதம்.

"வரிசையிலயா சார்?" என்றாள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த உதவியாளர். "முதல்ல யாரு நிப்பா, கரண்டியா?"

"நம்பமாட்டே."

"நம்பறேன் சார். ஆனா..."

அவள் பட்டப்பெயரே 'ஆனா'தான். டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கும் நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்து, ஊரார் சொல்வதை எல்லாம் "ஆனா" போட்டுத் திருப்பி அனுப்பியவள். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றால்கூட "ஆனா மேகமா இருந்தா?" என்பாள். கல்யாணப் பதிவு அலுவலகத்தில் சம்மதமா என்று கேட்டதற்கு, "சம்மதம், ஆனா..." என்று ஆரம்பித்து, வரிசையில் பின்னால் நின்ற ஏழெட்டு ஜோடிகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியதாக ஒரு கதை உண்டு. அவள் புருஷனே சொல்லும் கதை. காதுக்காரர் புளுகுவார், அவள் அதை உடைப்பாள். இந்த ஏற்பாட்டில் தொழில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

அவர்கள் தேடி வந்த வீடு மேட்டின் கடைசியில் இருந்தது. வாசல் கம்பிக் கதவில் ஒரு பெரிய விளம்பரப் பலகை. பாதிப் பலகை எழுத்து. மீதிப் பாதி பல்.

அந்தப் பல்லின் சொந்தக்காரர் வீட்டு புரோக்கர். ஊர் அவருக்கு வைத்த பெயர் புன்னகை. முச்சந்திக்கு ஒரு பலகையில் சிரித்துக்கொண்டிருப்பார். பலகையில் எழுதியிருந்தது: 'அருமையான வீடு! ஆஸ்பத்திரி லைன்! வருஷக்கணக்கில் கரன்ட் போனதே இல்லை! நேற்றுவரை ஒரு நிமிஷம்கூட!'

"வீட்டைவிட பல்லு பெருசா இருக்கே சார்" என்றாள் ஆனா.

"அழகா எழுதியிருக்கார்" என்றார் காதுக்காரர். அதை இரண்டு முறை படித்துவிட்டு உள்ளே நடந்தார்.

கதவைத் திறந்தவள் வீட்டுக்காரியின் நாத்தனார். அவள்தான் இவர்களை அமர்த்தியவள். நர்சரிப் பள்ளியில் வேலை. அதனால் எல்லாரிடமும், வரிசையில் நிற்கும் குழந்தையிடம் பேசுவது போலவே பேசினாள்.

"செருப்பை அங்க விடுங்க. உள்ள வாங்க. அண்ணி இருக்காங்க. இருக்காங்கன்னுதான் பேரு."

அண்ணி, அதாவது அந்த வீட்டுக்காரி, கூடத்தில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுச் சுவர்தான். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டிடங்களில் மனுஷர்களைப் பத்திரமாக ஏற்றி இறக்கியவர், மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு காலை, செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. மழைக்காலம் முடிந்துவிட்டது. அவள் மட்டும் அந்த இடத்திலேயே நின்றுபோயிருந்தாள்.

"அண்ணி, இவங்கதான் துப்பறியறவங்க."

"சரி."

"வீட்டைச் சுத்திப் பாக்கணுமாம்."

"சரி."

"அஞ்சு மணிக்கு அந்தப் பல்லு வருவான். கையெழுத்து கேட்டா போடாதீங்க."

"சரி."

"போடுங்கன்னு அவன் சொன்னா?"

"சரி."

நாத்தனார் ஆனாவைத் திரும்பிப் பார்த்தாள். பாத்தீங்கல்ல, என்றது அந்தப் பார்வை.

வீட்டுக்காரி எழுந்து போய் நான்கு கோப்பையில் டீ கொண்டு வந்தாள். ஆனா ஒரு வாய் குடித்தாள். வெந்நீர். வெறும் வெந்நீர். சர்க்கரை மட்டும் சரியாக இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் காதுக்காரரைப் பார்த்தாள். அவர் கடைசிச் சொட்டு வரை ரசித்துக் குடித்துவிட்டு, "இதம்மா டீ! நெஞ்சுல நிக்காம இறங்குது" என்றார்.

நாத்தனார் விஷயத்தைச் சொன்னாள். இவ்வளவு பெரிய வீட்டில் அண்ணி தனியாக இருக்க முடியாது. விற்றுவிட்டு நாத்தனாரின் தெருவிலேயே சின்னதாக ஒரு வீடு பார்ப்பதாக முடிவு. விற்பதற்கு முன்னால் வயரிங்கைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. அதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார் புன்னகை. "துக்கத்துல இருக்கீங்க, நீங்க எதுக்கு தூசியில நிக்கணும்? சாவியைக் கொடுத்துட்டு நாத்தனார் வீட்டுக்குப் போயிடுங்க." போன வாரம் ஒரு மத்தியானம் சாவியைக் கொடுத்தார்கள். மாலையில் சாவி திரும்பி வந்தது. கூடவே அறிக்கையும் வந்தது. வீடு தேறவில்லை. வயரிங் முழுவதும் ஆபத்து. பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டும். வாங்க இருந்த பார்ட்டி, பாதி விலைக்குக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்கிறதாம்.

"இந்த வீட்டு வயரிங் மொத்தமும் எங்க அண்ணன் கையால போட்டது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா போட்டாரு. ஆபத்தாம்! நான் சண்டை போட்டேன். வேற ஆளைக் கூட்டிட்டு வான்னேன். ஏற்கெனவே பாத்தாச்சு, சும்மா சும்மா பாக்க முடியாதுங்கறான். இன்னைக்கு கையெழுத்து போடலைன்னா, ஆபத்தான வீடுன்னு ஊர் பூரா தெரிஞ்சிடும், அப்புறம் ஈ காக்கா கூட வாசப்படி மிதிக்காதுன்னு மிரட்டறான்."

"அறிக்கையில ஒரு வரி இருக்கு" என்றாள் வீட்டுக்காரி.

எல்லாரும் திரும்பினார்கள். இதுவரை அவள் வாயிலிருந்து வந்ததிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

"'வேலை தெரியாதவர் கை வைத்தது.' அப்படின்னு ஒரு வரி." அவள் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். "நான் பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன்ல வேலை பாக்கறேன். பாத்துக்கிட்டிருந்தேன், இப்ப லீவு. ஊசி போட்டா மரத்துப்போகும்ல, அந்த மாதிரிதான் இருக்கு எனக்கு. தொட்டா தொடறது தெரியுது. வலிக்கல. வீடு போனா போகட்டும். ஆபத்துன்னா ஆபத்து. எதுவும் உள்ள இறங்கல. அந்த ஒரு வரி மட்டும் எப்படியோ இறங்கிடுச்சு."

சொல்லிவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்தாள்.

ஆனாவுக்குத் தொண்டையில் ஒரு பதில் தயாராக இருந்தது. எப்போதும் இருக்கும். அதை விழுங்கிக்கொண்டு வேலையைப் பார்க்க எழுந்தாள்.

கூடத்துச் சுவரில் ஒரு பிளக் பாயின்ட். அதன் மூடியை உற்றுப் பார்த்தாள். அடுத்த அறைக்குப் போய் இன்னொன்றைப் பார்த்தாள். பிறகு தரையில் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கு அடியில் இருந்ததைப் பார்த்தாள். எழுந்தபோது முழங்கையெல்லாம் தூசி, முகமெல்லாம் சூரியன்.

"சார்! கிடைச்சிடுச்சு!" என்று சமையலறைக்கு ஓடினாள்.

காதுக்காரர் அங்கே சொன்னது போலவே நின்றுகொண்டிருந்தார். கை பின்னால். ஒரு காது ஃப்ரிட்ஜ் பக்கம் சாய்ந்திருந்தது.

"என்ன சார், என்ன சொல்லுது?"

"குளிருதாம்."

"சார், மூடி எல்லாத்துலயும் ஸ்க்ரூ மேல பெயின்ட் அடிச்சிருக்கு. சுவரோட சேர்த்து அடிச்ச பெயின்ட். எங்கயும் ஒரு கீறல் இல்ல. மூடியைக் கழட்டியிருந்தா பெயின்ட் உடைஞ்சிருக்கணும்ல? அவங்க எதையும் கழட்டவே இல்ல! சோதனையே நடக்கல! கேஸ் முடிஞ்சுது, வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"ரொம்ப நல்லா பாத்திருக்கே" என்றார் காதுக்காரர். அவர் பாராட்டினால் ஆனா உஷாராகிவிடுவாள். அவர் வேதம் அவளுக்குத் தெரியும். "அந்தப் புரோக்கர் வந்ததும் மொத வேலையா இதைத்தான் நீ அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். நல்லா சத்தமா."

நாத்தனார் உள்ளே வந்தாள். சுவரோரம் பெரிய கரன்ட் அடுப்பு ஒன்று நின்றது. மேலே சமைக்க, உள்ளே பேக் செய்ய, நெற்றியில் பச்சை எண்களில் மணி காட்ட. அதைப் பார்த்துவிட்டு, "மணி அஞ்சாயிடுச்சு. பல்லைக் காணோமே" என்றாள்.

"அந்த அடுப்பைப் பாத்துச் சொல்லாதே" என்று கூடத்திலிருந்து வீட்டுக்காரியின் குரல் வந்தது. "அது கால் மணி முந்தும்."

"அட ஆமா" என்று நாத்தனார் நெற்றியில் தட்டிக்கொண்டாள். ஆனாவிடம் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணன் வெச்சது. அண்ணி தினம் வேலைக்கு லேட்டு. பஸ்ஸை விட்டுட்டு வாசல்ல நின்னு அழுவாங்க. அண்ணன் ஒண்ணும் சொல்லாம அடுப்புல மணியைத் தள்ளி வெச்சிட்டாரு. ரொம்ப நாள் அண்ணிக்குத் தெரியாது. 'இப்பல்லாம் பஸ்ஸு லேட்டா வருது, எனக்கு வசதியா இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க."

ஆனா சிரித்தாள். சிரித்துவிட்டுக் கூடத்தைப் பார்த்தாள். ஜன்னலோரத்தில் அந்த முதுகு அசையவில்லை. சிரிப்பு நடுவழியில் நின்றுபோயிற்று.

காதுக்காரர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது நுனி லேசாகச் சிவந்திருந்ததை ஆனா கவனித்தாள். வெந்நீர் டீ வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

உண்மையான ஐந்து மணிக்குப் புன்னகை வந்தார். முதலில் பல் வந்தது. பிறகு வாசனை, அதன் பிறகு ஆள்.

"வணக்கம், வணக்கம்! யாரு இவங்க, சொந்தக்காரங்களா?"

"துப்பறியறவங்க" என்றாள் நாத்தனார்.

சிரிப்பு ஒரு பல் அளவு குறைந்தது. உடனே சமாளித்துக்கொண்டது. "ஐயோ, எதுக்குங்க இதெல்லாம்? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?"

"யாரு சார் சொன்னா?" என்றார் காதுக்காரர். "உங்க பலகையைப் படிச்சேன். ஆஸ்பத்திரி லைன்னு போட்டிருக்கீங்களே, என்ன எழுத்து! படிக்கிறப்பவே வாங்கிடலாம்னு தோணுது."

"நானே எழுதினது சார்!" புன்னகை நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். "நூத்துக்கு நூறு உண்மை. பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி. ஆபரேஷன் நடக்குற லைன்ல கரன்ட்டு எப்படிப் போகும்? இந்தத் தெருவுல மெழுகுவத்தி விக்கிற கடையே கிடையாது. அந்தப் பார்ட்டிகிட்ட இதைச் சொல்லித்தான் பாதி விலைக்காவது ஒத்துக்க வெச்சிருக்கேன்."

"பார்ட்டி தெரிஞ்சவங்களா?" என்று போகிற போக்கில் கேட்டார் காதுக்காரர்.

"முன்ன பின்ன பாத்ததுகூட இல்ல சார்."

காதுக்காரர் தலையை ஆட்டிவிட்டு, ஆனாவுக்குக் கண்ணைக் காட்டினார்.

ஆனா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டைக் காட்டி, பெயின்ட் கதையைச் சொன்னாள். புகார் நாற்காலிக் குரல். பக்கத்து வீட்டுச் சுவரே ஒரு அடி பின்வாங்கியிருக்கும். "ஒரு மூடியைக்கூடக் கழட்டல. அப்போ எதை வெச்சு ஆபத்துன்னு எழுதினீங்க?"

புன்னகை கேட்டு முடித்தார். பிறகு, சின்னக் குழந்தைக்குப் பாடம் சொல்கிற பரிவோடு சிரித்தார்.

"அம்மா, நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க? மூடியைக் கழட்டிப் பாக்கறதெல்லாம் எங்க அப்பா காலம். இப்ப மெஷின்மா. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, மெஷினை ஒரு இடத்துல மாட்டினா போதும். வீட்டுல இருக்குற வயர் பூரா ஜாதகத்தைச் சொல்லிடும்."

ஆனாவின் முகத்திலிருந்த சூரியன் அஸ்தமித்தது. சோதனை மூடியைக் கழற்றாமலே நடந்திருக்கலாம். கையில் இருந்த ஒரே துருப்புச்சீட்டும் போயிற்று.

"அப்படியா!" காதுக்காரருக்கு மட்டும் கண்கள் விரிந்தன. "மெயினையே ஆஃப் பண்ணியா? அவ்வளவு பொறுப்பா? நான் பாத்த புரோக்கருங்க எல்லாம் சும்மா ஒப்புக்கு ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவாங்க சார்."

"நான் அந்த மாதிரி இல்ல சார்!"

"அதான் தெரியுதே."

"மத்தியானம் பூரா ஆஃப்! உள்ள கும்மிருட்டு. நானே டார்ச்சு புடிச்சேன். வேர்த்துக் கொட்டுது, ஃபேன் கிடையாது. ஆளுங்ககிட்ட சொன்னேன், 'பாவம் அந்தம்மா, புருஷன் போனவங்க, ஒரு வயரு விடாம பாருங்கடா'ன்னு."

"அடடா" என்றார் காதுக்காரர். "அடடா, அடடா."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கெட்டதோடு நிற்காமல், கச்சேரி முடிந்ததும் கைதட்டலுக்காகக் காத்து நின்றது.

"எல்லாரும் ஒரு நிமிஷம் சமையலறைக்கு வர்றீங்களா?" என்றார் காதுக்காரர். "அம்மா, நீங்களும்."

வீட்டுக்காரி எழுந்து வந்தாள். "சரி" என்றுகூடச் சொல்லவில்லை.

"சார், இப்ப மணி என்ன?"

புன்னகை கைபேசியைப் பார்த்தார். "அஞ்சு அஞ்சு."

"அந்த அடுப்புல?"

"அஞ்சு இருபது. அது தப்பா ஓடுது சார். அதுக்கென்ன?"

"அதுக்கென்னன்னா," காதுக்காரர் குரலை உயர்த்தவே இல்லை, "அது தப்பா ஓடுறதுதான் அழகு. கரன்ட்டு போய் வந்தா இந்த மாதிரி அடுப்பு என்ன பண்ணும்? மணியை மறந்துட்டு, நாலு சைபரைக் காட்டிக்கிட்டுக் கண்ணடிக்கும். யாராவது வந்து திரும்ப மணி வைக்கணும். இது போனவர் வெச்ச மணி. தப்பான மணி. இன்னும் அப்படியே ஓடுது. ஆஸ்பத்திரி லைன், கரன்ட்டு தானாப் போகாது, அதை நீங்களே ஊருக்குப் பலகை வெச்சுச் சொல்லிட்டீங்க. நீங்களும் மத்தியானம் பூரா மெயினை ஆஃப் பண்ணியிருந்தா, இந்த அடுப்பு எப்படி சார் இன்னும் அதே பொய்யைச் சொல்லிக்கிட்டிருக்கு?"

புன்னகை கைபேசியைப் பைக்குள் போட்டார்.

"யாராவது... திரும்ப வெச்சிருப்பாங்க" என்றார் புன்னகை.

"கால் மணி தப்பாவா?" என்றாள் நாத்தனார்.

"எனக்கு அதுல மணி வைக்கத் தெரியாது" என்றாள் வீட்டுக்காரி. "அவருக்குத்தான் தெரியும்."

புன்னகை அடுப்பைப் பார்த்தார், வீட்டுக்காரியைப் பார்த்தார், மறுபடி அடுப்பைப் பார்த்தார். கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை. இல்லாவிட்டால் இத்தனை முச்சந்தியில் சிரிக்க முடியுமா? பல் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

"உள்ள பேட்டரி இருக்கும் சார். கரன்ட்டு போனாலும் மணி போகாது. நீங்க வேணும்னா பாருங்களேன். மெயினை ஆஃப் பண்ணிப் பாருங்க." பிறகு தலையைச் சாய்த்து, மிக மென்மையாக, "ஆனா போச்சுன்னா போனதுதான். அவர் கையால வெச்ச மணி. திரும்பி வராது. அம்மாவுக்குச் சம்மதமான்னு கேட்டுக்கோங்க" என்றார்.

ஆனாவுக்கு அந்தச் சொல்லே கசந்தது. தன் வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லியிருக்கிறாள். இப்படி ஒருத்தன் அதைக் கத்தி மாதிரி எடுத்து நீட்டுவான் என்று நினைத்ததில்லை.

"வேணாம் அண்ணி" என்றாள் நாத்தனார். அவளுடைய வகுப்பறைக் குரல் எங்கோ போயிருந்தது. "வீடு போகட்டும். அண்ணன் வெச்சது அண்ணி அது. அதுவும் போச்சுன்னா... வேணாம். கையெழுத்து போட்டுடுங்க."

ஆனா காதுக்காரரைப் பார்த்தாள். அவர் கை இன்னும் பின்னாலேயே இருந்தது. ஆனால் ஒரு கை இன்னொன்றை இறுக்கிப் பிடித்திருந்தது. இந்த இடத்தில் அவருக்கும் பாராட்ட ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டுக்காரி அடுப்பின் முன்னால் போய் நின்றாள். பச்சை எண் ஒன்று மாறியது. அவள் அதைக் கவனித்தாளா என்று சொல்ல முடியாது. முகம் சுவரைப் போலத்தான் இருந்தது.

"சரி" என்றாள்.

புன்னகை சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ஆனா," என்றாள் வீட்டுக்காரி.

ஆனா தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து ஒரு அடி முன்னால் வந்தாள். இல்லை. அவள் கூப்பிடவில்லை. சொன்னாள்.

"ஆனா அவர் வேலை தெரியாதவர் இல்ல."

யாரும் தடுப்பதற்கு முன்னால், மெயின் சுவிட்ச் இருந்த சமையலறைக் கதவுக்குப் பின்னால் போனாள். சுவிட்ச் 'டக்' என்று இறங்கியது.

ஃப்ரிட்ஜின் முனகல் நின்றது. கூடத்து ஃபேன் மெதுவாகி நின்றது. வீட்டில் இத்தனை சத்தம் இருந்தது, அது போன பிறகுதான் தெரிந்தது. அடுப்பின் நெற்றி கறுப்பாக இருந்தது. சாயங்கால வெளிச்சத்தில் நான்கு பேரும் அடுப்பைப் பார்த்து நிற்க, அவள் சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள். அவசரமே படவில்லை. அந்தக் கால் மணி நேரம் முழுவதும் போய்ச் சேரட்டும் என்று வழியனுப்புகிறவள் போல நின்றாள்.

'டக்.'

ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி எழுந்தது. அதற்கும் முன்னால், அடுப்பு பேசியது.

"பீப்! பீப்! பீப்!"

நல்ல சத்தமாக, தெளிவாக, வாக்குமூலம் கொடுக்கும் சாட்சியின் அவசரத்தோடு. நெற்றியில் நாலு சைபர் கண்ணடித்தது. அணைந்தது. கண்ணடித்தது.

"பேட்டரி இல்ல சார்" என்றார் காதுக்காரர், அனுதாபத்தோடு.

புன்னகையின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கடைசிப் பல் போனதும் அந்த முகம் யாருடையது என்றே தெரியவில்லை. பலகையில் இதைப் போட்டால் ஒரு நாய்க்கூண்டுகூட விலைபோகாது. "நான்... ஆளுங்ககிட்ட விசாரிக்கிறேன். அவனுங்க என்னை ஏமாத்திட்டானுங்க போல" என்று முணுமுணுத்துவிட்டு, கையில் கொண்டுவந்திருந்த அறிக்கையை அங்கேயே போட்டுவிட்டு, வாசலுக்கு நடந்தார். நடந்தார் என்பதும் மரியாதைக்குத்தான்.

காதுக்காரர் ஒரு காதை ஜன்னல் பக்கம் திருப்பினார். "ஜன்னலைத் திறங்க" என்றார் நாத்தனாரிடம். "போன் பேசறார்."

ஆனாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாத்தனார் ஜன்னலைத் திறந்ததும், கம்பிக் கதவோரத்திலிருந்து காற்றில் வந்தது: "அத்தான், வீடு கை நழுவிடுச்சு. அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்குத் தைரியம் இல்ல."

"முன்ன பின்ன பாத்ததுகூட இல்லாத பார்ட்டி" என்றாள் நாத்தனார். அவளுடைய வகுப்பறைக் குரல் திரும்பி வந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "உங்க அக்காவுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்க! பலகையைக் கழட்டிக்கிட்டுப் போங்க! உங்க வழியா இந்த வீடு விக்கப்போறதில்ல!"

பலகை கழற்றப்படும் சத்தம் கேட்டது. பெரிய பல். நேரம் பிடித்தது.

வீட்டுக்காரி தரையில் கிடந்த அறிக்கையை எடுத்தாள். அந்த ஒரு வரியைத் தேடவில்லை. நான்காக மடித்துக் குப்பையில் போட்டாள்.

"வேற ஆளை வரச் சொல்லணும்" என்றாள். "மூடியைக் கழட்டிப் பாக்கறவங்களா வரச் சொல்லுங்க. பெயின்ட் உடைஞ்சா உடையட்டும். நான் பக்கத்துலயே நிப்பேன். அவர் போட்டதுல ஏதாவது தப்பு இருந்தாலும் இருக்கட்டும். பாத்துட்டுச் சொல்லட்டும். பாக்காம சொல்லக் கூடாது."

"தப்பு இருக்காது அண்ணி."

"இருக்கலாம்" என்றாள் அவள். "ரெண்டாவது ரூம் போடறப்ப என்கூட சண்டை. கோவத்துல போட்டாரு." வாயின் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது. ஊசியின் வேகம் இறங்கும்போது முதலில் ஒரு ஓரம்தான் அசையும். அவளுக்குத் தெரியும், தினமும் பார்த்த காட்சி. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நாத்தனார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பு வெகுநேரம் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

ஆனா அதன் முன்னால் குனிந்து நின்றாள். இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் எண்கள் நகர்ந்தன.

"மணி வெச்சிட்டுப் போகட்டுமா?" என்றாள் மெதுவாக. "இப்ப அஞ்சே முக்கால்."

முந்தானைக்குள்ளிருந்து மூக்குறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு குரல்.

"ஆறுன்னு வைங்க."

ஆனாவின் வாய் பழக்கத்தில் திறந்தது. வீடு விற்கப்போகிறது, அடுப்பு இங்கேயே நிற்கப்போகிறது, தப்பான மணியை எதற்கு வைக்க வேண்டும் என்று மூன்று காரணம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன.

"நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்றாள் வீட்டுக்காரி. "லேட்டாயிடுவேன்."

"சரி" என்றாள் ஆனா.

கார் இறக்கத்தில் போனது. இறக்கம் என்பதால் ஓரளவு ஓடியது. காதுக்காரர் இரண்டு தெரு வரை பேசாமல் வந்தார். அவருக்கு அது ஒரு சாதனை. மூன்றாவது தெருவில் தாங்கவில்லை.

"கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னேனா?"

"நின்னீங்க."

"எதையாவது தொட்டேனா?"

"தொடல."

"சமையலறையில இருந்து யாராவது வந்து புகார் கொடுத்தாங்களா, இல்லையா?"

ஆனா கியரை மாற்றினாள். பின்னால் ஒரு வண்டிக்காரர், கதவு திறந்திருக்கிறது என்று ஹாரன் அடித்தார். கரண்டி வரவில்லை என்று சொல்லலாம். வரிசையெல்லாம் இல்லை, ஒரே ஒரு ஆள்தான் என்று சொல்லலாம். அது பேச்சே அல்ல, வெறும் பீப் என்று சொல்லலாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள்.

"சரி சார்" என்றாள். "அடுப்பு பேசுச்சு. நான் கேட்டேன்."